கல்யாண மளிகைப் பட்டியலும் ஃபோலிக் மாத்திரையும்



தை பிறந்துவிட்டால் நம் கடைகளுக்குக் கல்யாணப் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கடைகளுக்கு நாங்கள் நாற்பது ஆண்டுகளாகச் சரக்குப் போட்டு வருகிறோம். ஒரு வீட்டில் கல்யாணம் என்பதைப் பத்திரிகை அச்சாகும் முன்பே அறிபவர் மளிகைக்காரர்தாம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் தங்கை மகளின் மூத்த பிள்ளை முதுகெலும்பின் அடிப்பகுதி மூடாமல் பிறந்தவன். இரண்டு அறுவைச் சிகிச்சைகள் ஆயின. படிப்பில் கெட்டிக்காரன், கால்கள்தாம் வலுவில்லை. பெண் அலட்சியமாக இருந்தவள் அல்லள். கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரிடம் போய், ஃபோலிக் அமில மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டாள். பிறகுதான் கணக்குப் புரிந்தது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். நாள் தள்ளும்போதே கருவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். இன்னும் பத்து நாள் பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்த 28 நாளும் ஓடிவிடுகிறது. சந்தை கலைந்தபின் வண்டி வந்து நின்ற கதைதான்.

ஆகவே கரு உண்டாகும் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடியும்வரை. நம் அரசின் அறிவுரையும் இதுவே. முன்பு இத்தகைய குழந்தை பெற்றவர்களுக்கு அளவு பத்து மடங்கு. அப்படிப்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வெளியானபோது, குறை மீண்டும் வருவது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முழுவதும் தடுக்கும் என்று எவரும் சொல்லவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களும் வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

இந்த மருந்துக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அவருடன் பிறந்தவர்கள் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பலியானவர்கள். அந்த நோய்க்கும் இதுவே மருந்தாயிற்று. 1995இல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள்.

இனி நம் சரக்குக்கு வருவோம். பச்சைப் பயறு, காராமணி, கொண்டைக்கடலை, கீரை எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அதோடு போய்விடும். எஃப் என்ற எழுத்தும் கூட்டல் குறியும் போட்ட கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். "இந்த மாவு வாங்கினால் மாத்திரை வேண்டாமா?" என்று கேட்டால், விற்பனைக்காக ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். மாவில் உள்ள அளவு சிறிது.

ஆண்கள் சொல்லக் கூச்சமான விஷயம் என்பதால், கல்யாணப் பட்டியல் எடுக்கும் நாட்களில் எங்கள் வீட்டம்மாளைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். "மளிகைக் கடையில் சொல்லும் சமாச்சாரமா இது?" என்று மந்தைவெளி மாமி ஒருவர் கடிந்துகொண்டார். புறப்படும்போது, மாத்திரையின் பெயரைப் பட்டியலின் பின்புறம் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார்.