5 வயதில் பதவி... ஒரே போரில் பறிபோன ஷெட்லாண்ட்! யார் இந்த ஹரால்ட் மடாட்சன்?

ஸ்காட்லாந்தின் வடக்கு முனையைத் தாண்டினால் கடலுக்குள் ஓர்க்னி, அதற்கும் மேலே ஷெட்லாண்ட் என இரண்டு தீவுக் கூட்டங்கள். இன்று இவை பிரிட்டனில் இருக்கின்றன. ஆனா 12ஆம் நூற்றாண்டில் இரண்டும் நார்வே ராஜாவுக்குச் சொந்தம். ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். தீவுகளை ஆள்வது 'ஏர்ல்', அதாவது குறுநில மன்னர் மாதிரி ஒருவர்.

அப்படி ஆண்டவர்தான் ஹரால்ட் மடாட்சன். அப்பா ஸ்காட்லாந்தின் அத்தோல் பகுதியை ஆண்ட கேலிக் பிரபு. அம்மா ஓர்க்னி ஏர்லின் மகள். அம்மா வழி உரிமையில் 1139 வாக்கில் ஹரால்ட் பதவிக்கு வந்தபோது அவருக்கு வயது வெறும் 5! ரோக்ன்வால்ட் என்ற மூத்த ஏர்லுடன் சேர்ந்து ஆட்சி. ஒரே நேரத்தில் இரண்டு ஏர்ல்கள் இருப்பது அங்கே சகஜம்தான். 1158இல் ரோக்ன்வால்ட் கொல்லப்பட, முழு அதிகாரமும் ஹரால்ட் கைக்கு வந்தது.

இரண்டு ராஜா, ஒரு ஏர்ல்

தீவுகளுக்கு நார்வே ராஜாவிடம் பணிய வேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் கெய்த்னஸ் பகுதிக்கோ ஸ்காட்லாந்து ராஜாவிடம் பணிய வேண்டும். இருவருமே தூரத்தில் இருந்ததால் ஹரால்ட் பல வருஷம் தன் இஷ்டப்படி ஆண்டார்.

சிக்கல் 1190களில் வந்தது. நார்வே ராஜா ஸ்வெர்ரேவைக் கவிழ்க்க ஒரு கூட்டம் ஓர்க்னியிலும் ஷெட்லாண்டிலும் ஆள் திரட்டியது. அதில் முக்கியமானவர் ஹரால்டின் மைத்துனர் ஓலாஃப். ஏர்ல் தடுக்கவில்லை. 1194இல் பெர்கன் அருகே ஃப்ளோர்வோக் கடற்போரில் கிளர்ச்சிப்படை தோற்றது.

ராஜா சும்மா விடுவாரா? 1195இல் ஹரால்டே பெர்கனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். உயிரும் ஓர்க்னியும் தப்பின. ஷெட்லாண்டை, அதன் வரி வருமானத்தோடு, ஸ்வெர்ரே எடுத்துக்கொண்டார். தண்டனை ஏர்லுக்கு, ஆனால் ஷெட்லாண்ட் மக்களுக்கு ஒரே நாளில் எஜமான் மாறிப்போனார்.

ஸ்காட்லாந்து பக்கமும் நிம்மதி இல்லை. ராஜா வில்லியமுடன் மோதியதில், பிணையாகப் பிடிபட்ட மகன் தோர்ஃபின் கண்கள் பறிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். இந்த அரசியலில் ஹரால்ட் கொடுத்த மிகப்பெரிய விலை இதுதான்.

1202இல் ஸ்வெர்ரே இறந்ததும், ஓர்க்னியில் இருந்த ராஜாவின் அதிகாரியை ஹரால்ட் தீர்த்துக்கட்டினார். ஓர்க்னி மறுபடியும் அவர் பிடிக்குள் வந்தது. ஷெட்லாண்ட் வரவில்லை. 1206இல் அவர் இறந்தபோதும் அது நார்வே ராஜாவின் நேரடி ஆட்சியில்தான் இருந்தது.