சொட்டு கண்ணுக்குள் விழுகிறதா?

கட்டுமாவடியைச் சேர்ந்த மீனவர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக எம்மிடம் சிகிச்சை பெற்று வந்தார். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கண்ணழுத்தம் 26, 27 என்றே இருந்தது. மருந்தை மாற்றினோம், இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்த்தோம். அழுத்தம் இறங்கவில்லை. பக்கப் பார்வைச் சோதனையில் கறுத்துத் தெரியும் பகுதி மட்டும் சிறிது சிறிதாக விரிந்துகொண்டு வந்தது. "சொட்டு ஒழுங்காகப் போடுகிறீர்களா, ஐயா?" என்று கேட்டால், "ஒரு நாளும் தவறுனதில்லை, டாக்டரம்மா" என்பார். அவர் உண்மையை மறைக்கிறார் என்றே நான் எண்ணினேன்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்குச் சற்று முன்பு, ஏதோ தோன்றி, "குப்பி கையில் இருக்கிறதா? ஒருமுறை என் முன்னால் போட்டுக் காட்டுங்கள்" என்றேன். அவர் முகத்தை நிமிர்த்தி, குப்பியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அழுத்தினார். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது இமை மயிரில் பட்டுக் கன்னத்தில் வழிந்தது. மூன்றாவதற்குக் குப்பியின் முனையைக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலேயே ஊன்றி அழுத்தினார். பிறகு கண்ணை நன்றாகச் சிமிட்டி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னது பொய்யன்று. ஒரு நாளும் தவறாமல் போட்டிருக்கிறார். மருந்துதான் கண்ணுக்குள் போகவில்லை. "இரவு ஒரு சொட்டு" என்று இரண்டு ஆண்டுகள் எழுதிக் கொடுத்த நான், அதை எப்படிப் போடுவது என்று ஒருமுறையும் செய்து காட்டவில்லை.

இது அவர் ஒருவருடைய கதை அன்று. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கண் மருத்துவர்கள், பல மாதங்களாகத் தாமே சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த 70 குளுக்கோமா நோயாளிகளைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கவனித்து, அதன் முடிவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முறையாகப் போட்டவர்கள் ஆறே பேர். நான்கில் மூவர் குப்பியின் முனையைக் கண்ணிலோ இமையிலோ படவிட்டனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சொட்டு கண்ணில் விழவே இல்லை.

இந்த நோயின் இயல்பையும் சற்றுச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, மெல்லிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நைந்துபோகிறது. பெரும்பாலானோருக்கு வலியோ சிவப்போ இருப்பதில்லை. முதலில் குறைவது ஓரப் பார்வை என்பதால், நேரே பார்க்கும் எழுத்தும் முகமும் கடைசிவரை தெளிவாகவே தெரியும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பதற்கே சொட்டு மருந்து. இதைப் போட்டால் "பளிச்" என்று தெரியும் என எதிர்பார்த்து, தெரியவில்லையே என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. எனவே நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதுக்குமேல் ஒருமுறையேனும் கண்ணழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, போடும் முறை. கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மீன் அரிந்த கை, மிளகாய் தொட்ட கை என்றால் இருமுறை கழுவுங்கள். உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளலாம். கை நடுங்குபவர்கள் படுத்துக்கொள்வதே மேல். ஒரு விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் அங்கே சிறு பை போன்ற இடம் உண்டாகும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான், கருவிழி அன்று. குப்பி பிடித்த கையை நெற்றியிலோ, இமையை இழுக்கும் கையின் மேலோ ஊன்றிக்கொண்டால் ஆட்டம் குறையும். மேலே பார்த்தபடி, முனை எதிலும் படாமல், ஒரே ஒரு சொட்டு. கண்ணால் ஒரு சொட்டைக்கூட முழுமையாகத் தாங்க இயலாது. இரண்டாவதும் மூன்றாவதும் கன்னத்துக்கும் உங்கள் பணப்பைக்குமே நட்டம்.

அதன்பின் கண்ணைச் சிமிட்டாமல், இறுக்காமல், மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. கண்ணிலிருந்து மூக்குக்குச் செல்லும் சிறு குழாய் அங்கே இருக்கிறது. சொட்டு போட்டதும் தொண்டை கசக்கிறது என்றால், மருந்து அதன் வழியே இறங்கிவிட்டது என்று பொருள். டிமோலால் போன்ற மருந்துகள் அவ்வாறு உடலில் கலந்தால் மூச்சிரைப்பைத் தூண்டலாம், இதயத் துடிப்பைக் குறைக்கலாம். ஆகவே ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால், நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே போட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

எவ்வளவு முயன்றும் கண் தானாக மூடிக்கொள்கிறதா? படுத்துக் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையில் ஒரு சொட்டு விட்டு, பிறகு கண்ணைத் திறந்தால் மருந்து உள்ளே இறங்கும். வீட்டில் போட்டுவிட ஆள் இருந்தால் இன்னும் எளிது.

குப்பியே ஒரு கணக்குப் புத்தகம். இரவில் இரு கண்களுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றால், 2.5 மில்லி குப்பி ஏறத்தாழ ஒரு மாதம் வர வேண்டும். இரண்டே வாரத்தில் தீர்ந்தால் மருந்து வெளியே வழிகிறது. மூன்று மாதம் வந்தால் பல நாள் விட்டுப்போயிருக்கிறது. திறந்த நாளைக் குப்பியின் மேல் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழிந்தால் மீதி இருந்தாலும் எறிந்துவிடுங்கள். சில மருந்துகளைத் திறக்கும்வரை குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் போட்டு உறைய வைத்துக் கொண்டுவந்தவரும் உண்டு. அது கூடாது. பசைக் குப்பி, காதுச் சொட்டு ஆகியவற்றை அருகில் வைக்கவே வேண்டாம். கண் தெரியாத இருட்டில் குப்பி மாறி, பசையைக் கண்ணில் விட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள்.

கண் சிவந்தால் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கிப் போடுவது மிகவும் ஆபத்தானது. அதுவே அழுத்தத்தை ஏற்றும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். உங்கள் மருந்தாலேயே சிவப்பு வருகிறது என்றால் நிறுத்திவிடாமல் எங்களிடம் வாருங்கள். மாற்று மருந்து உண்டு.

மேற்சொன்ன மீனவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இரவு பத்து மணிக்கு என்று எழுதியிருந்தோம். வலைக்குப் போகும் நாள்களில் அந்நேரம் அவர் படகில் இருப்பார். ஆடும் படகில் எங்கே சொட்டு போடுவது? கடலுக்குக் கிளம்பும் முன், மாலை ஆறு மணிக்கு என்று மாற்றினோம். நாள்தோறும் அதே நேரம் என்பதே முக்கியம். உடன் வந்த பேத்திக்கு, மருந்தில்லாத செயற்கைக் கண்ணீர்க் குப்பியை வைத்து நான்கு முறை பழக்கிக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து வந்தபோது அழுத்தம் 17. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தோம். பக்கப் பார்வையில் முன்பே கறுத்துப்போன பகுதி அப்படியேதான் இருக்கிறது, ஓராண்டாக விரியவில்லை.

இப்போது எங்கள் கண் பிரிவில் அந்தப் பழகு குப்பி எப்போதும் மேசைமேல் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது உங்கள் மருந்துக் குப்பிகள் எல்லாவற்றையும், வீட்டில் போட்டுவிடுபவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்போம், கூச்சப்பட வேண்டாம்.