மெஷின் மலையேறிவிட்டது... பட்டா எப்போது பெண்கள் பெயருக்கு வரும்?

நாமகிரிப்பேட்டையைத் தாண்டி முள்ளுக்குறிச்சிக்கு வந்தால், கொல்லிமலை கண்முன்னே எழுந்து நிற்கிறது. காரவள்ளி பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் மலைக்கு, இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சாலை உண்டு. மேலே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய உணவு சாமை, தினை, கேழ்வரகு.

கேழ்வரகை நேராகத் திருகையில் போட்டு அரைத்துவிடலாம். சாமை அப்படியல்ல. பொடி தானியம், இறுகப் பிடித்த உமி. காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். குத்தியது எல்லாம் பெண்கள்தான். ரேஷன் அரிசி வந்தது, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பணம் தந்தது. சாமை மெல்ல ஒதுங்கியது. உலக்கை வலியும் அதற்கு ஒரு காரணம்.

1990-களில் இருந்து இங்கே வேலை செய்யும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் மெஷின்களை ஊர்களுக்குள் கொண்டுவந்தது. அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் போனது. முக்கியமான விஷயம் இதுதான். மெஷினோடு பயிற்சி, குழு, கணக்கு நோட்டு, விற்பனை எல்லாம் சேர்ந்து வந்ததால்தான் அது பெண்களுக்குப் பயன்பட்டது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரத்துக் கடைகளிலும் சாமைக்கு மவுசு கூடியது.

ஆனால், அந்தச் சாமை விளையும் நிலம் யார் பெயரில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை அது பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அதனால் அங்கே வழக்கம்தான் சட்டம். தந்தை வழிச் சமூகத்தில் அந்த வழக்கம் பெரும்பாலும் மகன்கள் பக்கமே சாயும்.

இதன் விளைவு இன்றைய டிஜிட்டல் காலத்தில்தான் பளிச்செனத் தெரிகிறது. பி.எம்.கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆனால், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் வரும். விதைத்து, களை பறித்து, அறுத்தவர் பெயர் பட்டாவில் இல்லையென்றால், கையில் எத்தனை நல்ல போன் இருந்தும் அந்த மெசேஜ் அவருக்கு வராது.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்ட விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகவே சொத்தில் பங்கை மறுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஆனால், ஒவ்வொரு மலைக்கிராமத்துப் பெண்ணும் டெல்லி வரை வழக்கு நடத்த முடியுமா?

பழங்குடி மக்களின் நிலம் வெளியாட்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. அதற்கான காப்பை வைத்துக்கொண்டே மகளுக்கும் பங்கு தரலாம். ஏனெனில் மகளும் அதே மலையின் பிள்ளைதான்.

உலக்கையைக் கீழே வைக்க ஒரு மெஷின் போதுமாக இருந்தது. பட்டாவில் ஒரு பெயரைச் சேர்க்க அரசும் வேண்டும், வீட்டில் இருக்கும் அப்பாவும் அண்ணனும் வேண்டும்.