வீட்டுப் பட்டறை – 9: இருட்டறையில் ஒரு கைக்குட்டை

சர்க்யூட் போர்டுக்காகச் செம்புத் தகட்டைப் பச்சை நாரால் தேய்த்து, விரல் ரேகை படாமல் எடுத்து வைத்தோமே, அது அப்படியே இருக்கட்டும். இந்த வாரம் அதைச் செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் முக்குவதாகச் சொல்லியிருந்தேன். முக்கத்தான் உட்கார்ந்தேன். டோனர் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சர்க்யூட்டின் தடங்களை லேசர் பிரிண்டரில், வழவழப்பான தாளில் அச்சிட வேண்டும். இன்க்ஜெட் உதவாது, அதில் இருப்பது ஈர மை. லேசரில் இருப்பதோ டோனர் என்ற, கரி கலந்த பிளாஸ்டிக் பொடி. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். அச்சிட்ட தாளைத் தகட்டின் மேல் குப்புறப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், தாளில் இருக்கும் பொடி மறுபடி இளகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். பொடி மூடிய செம்பு பிறகு கரைசலில் தப்பிக்கும், மீதி கரைந்துபோகும்.

பொடியைச் சூட்டால் இடம் மாற்றும் இந்த வேலை 1938இலேயே நடந்திருக்கிறது! அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியா. செஸ்டர் கார்ல்சன் காப்புரிமை வேலை பார்த்தவர். பத்திரங்களைப் படியெடுத்தே அலுத்தவர். உதவிக்கு ஓட்டோ கோர்னை என்ற ஆஸ்திரியர். துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசி, அறையை இருட்டாக்கி, கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்தார்கள். நிலைமின்சாரம் ஏறியது. கண்ணாடிச் சில்லில் '10-22-38 அஸ்டோரியா' என்று மையால் எழுதி, அதைத் தகட்டின் மேல் வைத்துச் சில விநாடி விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் வடிந்துவிட்டது. மேலே லைக்கோபோடியம் பொடியைத் தூவி ஊதினால், எழுத்து மட்டும் நிற்கிறது. அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். மெழுகுத்தாளை அதன் மேல் அழுத்திச் சூடு காட்டி உரித்தார்கள். எழுத்து தாளுக்குத் தாவிவிட்டது.

உலகின் முதல் ஜெராக்ஸே ஒரு சூட்டு ஒட்டுதான் என்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பு கடைக்கு வரும் இயந்திரமாக, ஜெராக்ஸ் 914 ஆக மாற 21 ஆண்டுகள் ஆயின. நாம் அந்தப் பொடியை இன்னொரு தாவு தாவச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

என் முதல் தகட்டில் பொடி தாவவில்லை, வழிந்தது. துணிக்குப் போடுவதுபோலப் பெட்டியை இழுத்திருந்தேன். எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் காட்டினேன்.

"இழுத்தா நழுவிடும் சார். வச்சு அமுக்குங்க. ஸ்டிக்கர் ஒட்டுற பனியனுக்கு நாங்க அப்படித்தான்."

அமுக்கினேன். நீராவியை அணைத்து, பருத்திச் சூட்டில், மூலை மூலையாக, மூன்று நிமிடம். ஆறிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டேன். கால் மணியில் தாள் கூழாகிவிட்டது. கட்டைவிரலால் உருட்ட உருட்ட, வெந்த அரிசிக் கஞ்சிபோல வெள்ளையாகத் திரண்டு வந்தது. அடியில் கறுப்புக் கோடுகள் அசையவில்லை. இரண்டு தடங்களுக்கு நடுவே சிக்கிய நாரைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள்; விட்டால் அங்கே செம்பு கரையாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தாளுக்கு எங்கே போவது? வார இதழின் வழவழப் பக்கமே போதும். அதன் மேல் பூசிய களிமண் தண்ணீரில் விட்டுவிடுவதால்தான் தாள் இத்தனை சுலபமாகக் கழல்கிறது. இந்த இதழின் அட்டையில் கை வைக்குமுன் வீட்டில் எல்லோரும் படித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பி அச்சிட வேண்டுமா என்று குழம்புகிறவர்களுக்கு: செம்புப் பக்கத்தில் ஓர் எழுத்தைப் போட்டுவையுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்தால், தகட்டில் நேராக வரும்.

ஃபெரிக் குளோரைடு அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கிவையுங்கள். எவர்சில்வர் கூடாது. ஏனென்று எங்கள் வீட்டில் இருந்த ஒரு கிண்ணத்துக்குத் தெரியும்.