பதினாறு மாதங்களுக்குப் பின் ஓட வந்தவர்கள்

2021 ஜூலை 24, சனிக்கிழமை காலை 9 மணி. இங்கிலாந்துப் பூங்காக்களில் ‘பார்க்ரன்’ மறுபடி தொடங்கியது. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு பிறந்த வாராந்தர ஓட்டம் இது. தூரம் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 16 மாதங்கள் முடங்கிக் கிடந்தது.

இப்படி நீண்ட இடைவெளிக்குப் பிறகு களத்துக்கு வரும் நடுவயதுக்காரருக்கு முதல் அதிர்ச்சி மூச்சிரைப்பு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களின் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால்வாசிக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது செய்த சேதம் அந்த மூன்று வாரச் சேதத்தைவிடக் குறைவாகவே இருந்தது! அந்தச் சேதத்தையும் ஆறு மாதப் பயிற்சியில் சரிக்கட்டிவிட்டார்கள். ஐம்பது வயதிலும் மூச்சு மீளும்.

சிக்கல் காலில் இருக்கிறது. தசைக்குப் போகும் அளவு ரத்தம் தசைநாண்களுக்குப் போவதில்லை. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். சில வாரங்களில் மூச்சு சீரானதும், ‘பழைய வேகம் வந்துவிட்டது’ என்று மனம் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையின் பாரத்தைக் குதிகால் நாண்தான் சுமக்கிறது. தொழில்முறை வீரர்களுக்கே இதில் விலக்கில்லை. 2011இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஊதியத் தகராறால் வீரர்கள் பல மாதம் அணிப் பயிற்சி இல்லாமல் இருந்தார்கள். திரும்பிய முதல் 29 நாட்களில் 12 பேருக்குக் குதிகால் நாண் அறுந்தது.

கொரோனாவே வந்து போனவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். அறிகுறிகள் முற்றிலும் நீங்கி ஏழு நாளாவது கழிந்த பிறகு, முதல் இரண்டு வாரம் மிக லேசான உடற்பயிற்சி மட்டும் என்று 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் எழுதினார்கள். நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடல் தயாரானால் மட்டும் போதாது, விளையாட்டும் நடக்க வேண்டுமே. ஜூன் 5 என்று குறித்திருந்த பார்க்ரன் ஜூலைக்குத் தள்ளிப்போனதற்குக் காரணம், பல பூங்காக்களின் உரிமையாளர்களிடமிருந்து அனுமதி வந்து சேராததுதான். அனுமதி கிடைத்தாலும், நேரம் குறிக்கவும், முடித்தவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்யவும் தன்னார்வலர்கள் வேண்டும்.

தயங்குபவர்களுக்கு வழியும் அங்கேதான் இருக்கிறது. ‘கடைசியாக வந்துவிடுவோமோ’ என்ற கூச்சத்துக்கு இடமே இல்லை. எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். 2022 அக்டோபரில் நடக்க மட்டும் வருபவர்களையும் பார்க்ரன் வெளிப்படையாக அழைத்தது. கால் தேறாத வாரங்களில் ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கலாம். பழைய நண்பர்களைப் பார்க்கலாம், சனிக்கிழமைப் பழக்கமும் விட்டுப்போகாது.