செட் பாடுகிறது, பேட்டரி தேய்கிறது

தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சேஸிஸுமாக வந்து இறங்கும் லாரிக்கு கேபினும் பாடியும் கட்டிக் கொடுப்பதில் பெயர் வாங்கிய ஊர் நாமக்கல். பக்கத்தில் சங்ககிரி லாரிகளுக்கும், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்கும் பேர் போனவை. தச்சர், வெல்டர், பெயிண்டர் எல்லோரும் கைகழுவிய பிறகு கேபினுக்குள் ஏறுகிறவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஹெட்லைட், ஹாரன், வைப்பர் என்ற வரிசையில் அவர் கையில் கடைசியாக வருவது பாட்டு செட்.

அந்தக் கடைசி வேலையில்தான் சிக்கல் அதிகம். ஹெட்லைட் ஒயரிங் தவறினால் விளக்கு எரியாது. தவறு உடனே தெரிந்துவிடும். செட் அப்படியல்ல. தவறாக மாட்டினாலும் பாடும். மாதக்கணக்கில் பாடும். பழுது வேறோர் இடத்தில், வேறொரு பொருளின் பெயரில் வெளிவரும். சொந்தக் காரில் புது செட் மாட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மஞ்சள், சிவப்பு, கறுப்பு

கடையில் வாங்கும் செட்டின் பின்னால் ஒரு கொத்து ஒயர் தொங்கும். செட்டுக்கு உயிர் கொடுப்பவை அதில் மூன்றுதான். மஞ்சள், சாவி போட்டாலும் எடுத்தாலும் பேட்டரியோடு இணைந்தே இருக்க வேண்டியது. ஸ்டேஷன்களும் கடிகார நேரமும் நினைவில் நிற்பது இதனால்தான். பெரும்பாலான செட்களில் பாட்டுக்கான கனத்த கரண்டும் இதன் வழியாகவே வருகிறது. சிவப்பு, சாவி திரும்பியதைச் சொல்லும் ஒயர். கறுப்பு, எர்த்.

செட் பக்கம் இந்த நிறங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. வண்டிப் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் மஞ்சளும் சிவப்பும் வந்து சேரும் பின்கள் இடம் மாறியிருப்பது எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான சங்கதி. அதனால் நிறம் பார்த்து முறுக்குவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு. சாவி போட்டதும் காட்டி, எடுத்ததும் மறைவது சிவப்புக்கு.

சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் நேரத்தை மறந்தால் இந்த இரண்டும் மாறியிருக்கலாம், அல்லது மஞ்சளுக்கு கரண்ட் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்திருந்தால் செட் முழுதாக அணையவே அணையாது; சில நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது. பழி பேட்டரி மேல் விழும். எல்பிஜி டேங்கரில் ஒரு விதிவிலக்கு. அதில் பேட்டரி அருகே மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால் செட் எல்லாவற்றையும் மறப்பது இயல்பு, பழுதல்ல. நினைவு நிற்கட்டும் என்று அந்த சுவிட்சுக்கு முன்னாலிருந்து மஞ்சள் ஒயரை இழுப்பதுதான் பெருந்தவறு. எரிவாயு ஏற்றிய வண்டியில் எப்போதும் உயிரோடு இருக்கும் ஒயர் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான் அந்த சுவிட்சே இருக்கிறது.

திரும்பும் வழி

போன கரண்ட் திரும்ப வேண்டும். திரும்பும் வழி எர்த். காரில் தகர உடம்பே எர்த். பட்டறையில் கட்டிய கேபினிலோ மரச்சட்டம் உண்டு, ஃபைபர் பலகை உண்டு, புதுப் பெயிண்ட் உண்டு. இந்த மூன்றிலும் கரண்ட் போகாது. டாஷ்போர்டின் மரத்தில் ஒரு திருகாணியை இறக்கி அதில் கறுப்பு ஒயரைச் சுற்றினால் எர்த் கிடைக்காது.

ஆனாலும் செட் பாடக்கூடும்! கரண்ட் ஆன்டெனா ஒயரின் வெளிவலை வழியாகத் திரும்பிவிடும். ஆன்டெனா பின்னைப் பிடுங்கினால் செட் அணைகிறதா, அந்தப் பின் சுடுகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னும் துல்லியமான சோதனை உண்டு. சத்தத்தைக் கூட்டி வைத்து, மீட்டரின் ஒரு முனையை செட்டின் உலோக உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் லக் வைத்து, போல்ட்டால் இறுக்குவதுதான் மருந்து.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்ய்' என்ற ஓசைக்கும் பல நேரம் இதுவே காரணம். 1930-இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்த காலத்தில் பெரிய தலைவலி பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் தந்த இரைச்சல். டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே ஓசைக்கு மூலம் ஆல்டர்னேட்டர். செட்டும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் பாட்டோடு கலந்துவிடும். இரண்டையும் ஒரே போல்ட்டில் எர்த் செய்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பாட்டு ஒயரை பவர் ஒயரிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும்.

ஸ்பீக்கருக்கு எர்த் இல்லை

வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. கறுப்புக் கோடு போட்ட ஜோடி நெகட்டிவ். பழைய கேசட் டெக் காலத்தில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியில் எர்த் செய்வதும் நடந்தது. இன்றைய செட்டில் அதைச் செய்யவே கூடாது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஆம்ப்ளிஃபயர் ஐசி ஓட்டுகிறது. இரண்டிலும் ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கிறது. ஒன்றை எர்த்தில் தொட்டால் ஐசி தன்னைக் காக்க அணையும், அல்லது எரியும்.

4 ஓம் ஸ்பீக்கரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் மூன்றரை ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பாட்டில் பேஸ் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். கழற்றிய ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட் பென் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டால் கோன் துள்ளும். வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

நடுவில் எடுக்கும் 12

கனரக லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். கார் செட்டுக்கு வேண்டியது 12. 24-ஐ நேராகக் கொடுத்தால் செட் போய்விடும். அதனால் நெகட்டிவ் பக்கத்து பேட்டரியின் பிளஸ்ஸில் ஓர் ஒயரை வைத்து 12 எடுப்பது நெடுநாள் வழக்கம். காசு செலவில்லை, செட்டும் நன்றாகவே பாடும்.

ஆனால் இரவெல்லாம் பாட்டு ஓடும்போது நெகட்டிவ் பக்கத்து பேட்டரி மட்டும் தேய்கிறது. காலையில் ஆல்டர்னேட்டர் சுமார் 28 வோல்ட்டில் சார்ஜ் செய்யும்போது, தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரிக்குள்ளும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான் ஓடும். ஒரே நுகத்து மாடுகள் இரண்டில் ஒன்றை மட்டும் இரவெல்லாம் கவலை இறைக்க விட்டு, விடிந்ததும் இரண்டுக்கும் ஒரே அளவு தீனி போடுவதைப் போன்றது இது. உழைத்த பேட்டரிக்குப் பற்றாது. நிறைந்திருக்கும் பேட்டரிக்கு அது மிகை. ஒன்று குறைச் சார்ஜிலேயே கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து கெடும். மற்றது கொதித்துத் தண்ணீரை இழக்கும். எஞ்சின் ஓடும்போது தனித்தனியாக அளந்தால், உதாரணமாக ஒன்றில் 13.2, மற்றதில் 14.8 காட்டும். கூட்டினால் 28, மொத்தமாக அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இதற்கு வழி 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர், அல்லது 24 வோல்ட்டுக்கென்றே செய்த செட். பழைய ரக ரெடியூசர் மிச்ச வோல்ட்டை வெப்பமாகக் கழிக்கும். 5 ஆம்பியர் இழுத்தால் 70 வாட் அளவுக்குச் சூடாகும். சுவிட்சிங் ரகம் அவ்வளவு வீணாக்காது, ஆனால் மட்டமானது எஃப்எம்மில் இரைச்சல் போடும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட் அணைந்து எழுந்தால் கன்வர்ட்டரின் ஆம்பியர் போதவில்லை, அல்லது ஒயர் மெலிது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 ஆம்பியர் போனால் 5 மீட்டரில் 0.6 வோல்ட் குறைந்துவிடும்.

ஃபியூஸ் சொல்லும் சேதி

ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது ஒயரை. அதனால் அது பேட்டரி முனையில் இருக்க வேண்டும். சேஸிஸ் ஓரமாக ஓடும் ஒயர் நடுவில் உராய்ந்து ஷார்ட் ஆனால், செட்டுக்குள் இருக்கும் ஃபியூஸால் ஒரு பயனும் இல்லை.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸோ சிகரெட் தாளோ தீர்வாகாது. ஃபியூஸ் இடத்தில் வண்டியின் வோல்ட்டுக்கேற்ற ஒரு பல்பைத் தொடராக மாட்டலாம். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் கருகாது. செட்டின் கப்ளரைக் கழற்றியும் எரிந்தால் கோளாறு ஒயரில். கழற்றியதும் அணைந்தால் செட்டுக்குள். எப்போதோ பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததிலோ 24 பாய்ந்ததிலோ உள்ளே காவலுக்கு இருக்கும் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம்.

டாஷ்போர்டை மூடும் முன் செட் பாடுகிறதா என்று மட்டும் பார்த்து வேலையை முடிக்கக் கூடாது. சாவியை எடுத்ததும் சிவப்பில் பூஜ்யம், சத்தத்தில் எர்த்துக்கு 0.2-க்குக் கீழ், லாரியானால் இரண்டு பேட்டரியிலும் சமமான வோல்ட்: இந்த மூன்றையும் மீட்டரில் பார்க்க வேண்டும். பேட்டரி அளவை மட்டும் ஒரு வாரம் ஓடி வந்த பிறகு மறுபடி எடுக்க வேண்டும். முதல் நாளில் இரண்டும் சமமாகத்தான் காட்டும். நடுவில் எடுத்த ஒயர் தன் வேலையைக் காட்டச் சில இரவுகள் ஆகும்.