தலை எண்ணும் வியாபாரம்

கார் பந்தய அட்டைகளின் விலையை நிர்ணயிப்பதில் ஒரு 'மக்கள்தொகைக் கணக்கு'க்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் வராதவை ஏராளம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அட்டை. அதில் லூயிஸ் ஹாமில்டனின் படம். உலகில் ஒரே ஒரு பிரதி மட்டுமே அச்சான அந்த அட்டை 2022-ல் 9 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் 'குரோம்' வரிசையைச் சேர்ந்தது அது, 2020 பருவத்துக்கானது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'டிரைவ் டு சர்வைவ்' தொடர் பந்தயத்துக்கு ஏகப்பட்ட புது ரசிகர்களைப் பிடித்துக் கொடுத்திருந்த நேரம். அட்டைகளுக்கும் கிராக்கி கூடியது.

ஒற்றைப் பிரதி விஷயத்தில் குழப்பமில்லை. எத்தனை அச்சானது என்பதே தெரியாத சாதாரண அட்டைகளில்தான் சிக்கல். அங்கே வாங்குபவர்கள் நம்புவது தர நிர்ணய நிறுவனங்களின் பட்டியலை. 1991-ல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. இவற்றில் முக்கியமானது. கட்டணம் செலுத்தி அட்டையை அனுப்பினால் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 10 வரை மதிப்பெண் போடுவார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எந்த அட்டைக்கு எத்தனை முறை 10 கிடைத்தது, எத்தனை முறை 9 என்ற எண்ணிக்கையையும் வெளியிடுகிறார்கள். 10 வாங்கிய பிரதிகள் குறைவு என்றால் விலை எகிறும்.

ஆனால் இது வீடு வீடாகக் கதவைத் தட்டி எடுத்த கணக்கல்ல. அலுவலகத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியது. பின்வரிசை ஓட்டுநரின் அட்டைக்கு ஐந்தாறு பிரதிகளே பதிவாகியிருக்கலாம். அது அபூர்வம் என்பதால் அல்ல. அட்டையின் விலையைவிடத் தரக் கட்டணம் அதிகம் என்பதால் யாரும் அனுப்பவில்லை. மைக்கேல் ஷூமாக்கரின் படத்தோடு 1992-ல் வந்த 'கிரிட்' அட்டை போன்ற பழையவை விஷயத்தில், அலமாரிகளில் தூங்கும் பிரதிகள் எத்தனை என்று பட்டியல் சொல்லாது.

வரிசையில் காத்திருப்பவையும் கணக்கில் வராது. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. தனது பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. முந்தைய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிக அட்டைகள் மூன்றே நாளில் வந்து குவிந்ததாக அது சொன்னது. அப்போது பட்டியலில் சின்ன எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுத்தவர்களுக்கு, கிடங்கில் பெட்டி பெட்டியாகக் காத்திருந்த போட்டி கண்ணில் படவில்லை. எதிர்த்திசையிலும் பிழை உண்டு: 9 வாங்கிய அட்டையை உறையை உடைத்து எடுத்து 10 கிடைக்கும் என்று மறுபடி அனுப்புகிறார்கள். பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே அட்டை இருமுறை எண்ணப்படும்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் விலைக்கு உத்தரவாதம் இல்லை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃபிளீர் அட்டையில் 10 வாங்கியவை 300-க்குச் சற்று அதிகம். 2021 ஜனவரியில் அவற்றில் இரண்டு, தலா 7,38,000 டாலருக்கு ஏலம் போயின. 2022-க்குள் விலை 2 லட்சம் டாலர் அளவுக்குச் சரிந்தது. பட்டியலில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வாங்க வந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

பழைய ஜோர்டன் அட்டையில் புதிதாக 10 வாங்கக்கூடிய பிரதிகள் அதிகம் மிச்சமில்லை. சமீபத்திய பந்தய அட்டைகளின் கதை வேறு: பிரிக்காத பாக்கெட்டுகள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. விலை ஏறினால் அவை பிரிக்கப்படும், அட்டைகள் தரத்துக்குப் போகும், எண்ணிக்கை கூடும். எனவே 50, 25, 5 என்று அச்சிட்ட எண்ணிக்கை அட்டையிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அதை நம்பலாம். அது இல்லாதபோது, அனுப்பியவற்றில் எத்தனை பங்கு 10 வாங்கியது, எண்ணிக்கை மாதாமாதம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது நல்லது. பத்தில் மூன்று 10 வாங்கும் அட்டையும் பத்தில் எட்டு வாங்கும் அட்டையும் ஒன்றல்ல. இன்று 20 என்று காட்டும் எண் அடுத்த வருடம் 200 ஆகலாம், அநேகமாக, குறையாது.